பலூன் எடுப்பவர்களிடம் ஆன்லைனில் கேள்வி கேட்பது எப்படி

பொதுச் சுகாதாரம் படிக்கும் பிள்ளைகள் சிலர் ஒவ்வொரு வருடமும் ஆய்வேட்டுக் காலத்தில் எனக்கு எழுதுவார்கள். "அக்கா, பொழுதுபோக்காகப் போதைப்பொருள் எடுக்கிறவர்களிடம் ஆன்லைன் சர்வே எடுக்கப் போகிறேன். நாற்பது கேள்வி தயார். லிங்க்கை எங்கே போட்டால் நிறைய பேர் நிரப்புவார்கள்?" கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன் என்பதால் திட்ட மனசு வராது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் நெல்லையில் புள்ளியியல் படித்தவள். இப்போது லண்டனில் ஒரு ஆய்வுக் குழுவில் டேட்டா பார்ப்பது என் வேலை. நாங்கள் எடுத்த சர்வே நைட்ரஸ் ஆக்சைடு பற்றியது. பல் டாக்டர் கொடுக்கும் அதே சிரிப்பூட்டும் வாயுதான். க்ரீம் நுரைக்க வைப்பதற்கான சின்ன எஃகுக் குப்பியில் வரும். அதைப் பலூனில் இறக்கி உறிஞ்சுவார்கள். ஈஸ்ட் ஹாமில் சனிக்கிழமை ராத்திரி தோசை சாப்பிட்டுவிட்டு நடந்தால் காலில் இடறும் வெள்ளி நிறக் குப்பி அது. ரொம்ப நாள் ஏதோ பேட்டரி என்று நினைத்திருந்தேன். தெருவில் அதற்குப் பெயர் 'நாஸ்', இல்லாவிட்டால் வெறும் 'பலூன்'. 2023 நவம்பர் 8 முதல் பிரிட்டனில் அது சி வகுப்புப் போதைப்பொருள். உறிஞ்சுவதற்காகக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

அதிகமாக எடுத்தால் உடம்பில் இருக்கும் வைட்டமின் பி12 செயலிழக்கும். நரம்பின் மேலுறை கெடும். கால் விரலில் ஊசி குத்துவது போல ஆரம்பித்து, நடையே தள்ளாடும் அளவுக்குப் போகலாம். எவ்வளவு எடுப்பவருக்கு இந்த மரத்துப்போதல் வருகிறது, வந்ததும் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் எங்கள் கேள்வி.

இந்த இரண்டு கேள்விக்கும் ஆன்லைன் சர்வே பதில் சொல்லும். 'லண்டனில் எத்தனை பேர் பலூன் எடுக்கிறார்கள்' என்பதற்குச் சொல்லாது. முதலில் இதை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்

பிரிட்டனில் 'மிக்ஸ்மேக்' என்ற நடன இசைப் பத்திரிகை தன் வாசகர்களிடம் போதைப்பொருள் சர்வே எடுத்துவந்தது. மெஃபெட்ரோன் என்ற புதுச் சரக்கு பரவிக்கொண்டிருந்த 2009-இல் எடுத்த சர்வேயில், பதில் சொன்னவர்களில் சுமார் பத்துக்கு நான்கு பேர் அதை எடுத்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். அரசு வீடு வீடாகப் போய் எடுத்த 2010–11 பிரிட்டிஷ் குற்றச் சர்வேயில், கடந்த ஒரு வருடத்தில் மெஃபெட்ரோன் எடுத்தவர்கள் 16 முதல் 59 வயதுக்காரர்களில் 1.4 சதவீதம், 16 முதல் 24 வயதில் 4.4. 'எப்போதாவது', 'கடந்த ஒரு வருடத்தில்' என்ற வித்தியாசத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் இடைவெளி எவ்வளவு பெரியது பாருங்கள்.

இரண்டு சர்வேயுமே சரிதான். முதலாவது நடன மேடைக்குப் போகிறவர்களிடம் கேட்டது. அதன் சதவீதத்தை எடுத்து நாட்டுக்கே பொருத்துவது, கருவாட்டுக் கடை வாசலில் நின்று ஊரில் எத்தனை பேர் அசைவம் என்று எண்ணுகிற மாதிரி. ஆனால் புதிதாக ஒரு சரக்கு வந்திருக்கிறது, அதை எப்படி எடுக்கிறார்கள், எடுத்தால் என்ன ஆகிறது என்பதைச் சீக்கிரம் பிடித்தது அந்தப் பத்திரிகை சர்வேதான். மெஃபெட்ரோன் தடை வந்தது 2010 ஏப்ரல் 16-இல். அதற்கு முன்பே கையில் விவரம் இருந்தது. அதை நடத்திய மனநல மருத்துவர் ஆடம் வின்ஸ்டாக் பிறகு அதே முறையைப் பல நாடுகளுக்கு விரித்துக் 'குளோபல் டிரக் சர்வே' ஆக்கினார். லிஸ்பனில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியப் போதைப்பொருள் முகமையும் (2024 வரை அதன் பெயர் கண்காணிப்பு மையம்) 2016-இல் இருந்து தனியாக ஒரு இணைய சர்வே நடத்துகிறது. வீட்டு சர்வேக்குப் பதிலாக அல்ல, அது சொல்லாததைச் சொல்வதற்காக.

ஆகவே ஆய்வேட்டின் தலைப்பில் 'பரவல்' என்ற சொல் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். வைவாவில் அதைப் பிடித்துத்தான் தொங்குவார்கள்.

பதில் சொல்பவர் எங்கே இருக்கிறார்

இரவு பஸ்ஸின் மேல்தளத்தில், ஒரு கையில் போனோடு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. போலீஸாக இருக்கலாம், அம்மாவின் தோழியாகவும் இருக்கலாம். இவர் எதை நம்பி உண்மை சொல்வார்? ஒவ்வொரு முடிவையும் இவரை நினைத்துக்கொண்டே எடுங்கள்.

அமெரிக்காவில் தேசியச் சுகாதார நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு 2017-இல் இருந்து ரகசியக் காப்புச் சான்றிதழ் தானாகவே கிடைத்துவிடும். பங்கேற்றவர் யார் என்று நீதிமன்றமே கேட்டாலும் ஆய்வாளர் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் எங்களுக்கு அப்படி ஒரு கவசம் இல்லை. இருக்கிற ஒரே கவசம், கேட்டாலும் கொடுக்க ஒன்றும் இல்லாமல் இருப்பது. இந்தியாவில் செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 1985-ஆம் வருட என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில், சட்டம் பட்டியலிட்ட பொருளை உட்கொள்வதே குற்றம். 'ஆம், போன வாரம் எடுத்தேன்' என்ற ஒரு வரியை அவர் உங்களிடம் விட்டுப் போகிறார் என்றால் அது சின்ன விஷயமா?

இங்கேதான் நான் சறுக்கினேன். லைம்சர்வே என்ற இலவச மென்பொருளை எங்கள் சொந்த சர்வரில் போட்டிருந்தோம். ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டிக்கு 'ஐபி முகவரி (எந்த இணைப்பிலிருந்து வந்தார் என்று காட்டும் எண்) சேமிக்க மாட்டோம்' என்று எழுதிக் கொடுத்தாயிற்று. மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய் ஐபி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற ரெஃபரர், பதில் சொன்ன கடிகார நேரம் மூன்றையும் நானே அணைத்தேன். திருப்தியாக டீ குடித்தேன். மூன்றாவது வாரம் சர்வர் மெதுவாகிறதே என்று உள்ளே போய்ப் பார்த்தால், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் தன் பாட்டுக்கு ஆக்சஸ் லாக், அதாவது வந்துபோனவர்களின் பதிவு, எழுதிக்கொண்டிருக்கிறது. வரிக்கு வரி ஐபி முகவரி, நொடி வரை நேரம். சர்வே மென்பொருளுக்கு அடியில் வெப் சர்வர் என்று ஒன்று ஓடுகிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. பதில்களுக்கு வரிசை எண் இருக்கிறது. லாக்கில் 'சமர்ப்பி' அழுத்திய வரிசை இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் என்ன சொன்னார் என்று ஒரு மாலைக்குள் பொருத்திவிடலாம். கமிட்டிக்கு அன்றே எழுதினோம், சர்வேயை நிறுத்தினோம், லாக்கை அழித்தோம், அதன் பேக்கப்பையும் தேடி அழித்தோம், லாக் எழுதுவதையே அணைத்துவிட்டுத்தான் திரும்பத் திறந்தோம். பேக்கப்பை மறக்காதீர்கள். நான் முதலில் மறந்தேன்.

சொந்த சர்வர் இல்லாமல் பல்கலைக்கழகம் வாங்கி வைத்திருக்கும் சேவையில் போடுகிறீர்களா? சரி, அதில் 'பதில்களை அநாமதேயமாக்கு' என்ற மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். சர்வேயைத் திறப்பதற்கு முன்பே அதைப் போடுங்கள். கூகுள் ஃபார்மில் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்று வைத்தால் உள்நுழையச் சொல்லும். பஸ்ஸில் இருக்கும் நம் ஆள் அந்த நிமிடமே போய்விடுவார்.

தன்விவரக் கேள்விகளிலும் இதே கை சுருக்கம் வேண்டும். பிறந்த தேதி வேண்டாம், வயது போதும். வயதுப் பிரிவு போதுமென்றால் இன்னும் நல்லது. முழு அஞ்சல் குறியீடு கேட்காதீர்கள். பிரிட்டனில் அது சராசரியாகப் பதினைந்து வீடுகளைத்தான் குறிக்கும். இந்தியப் பின்கோடு அவ்வளவு நுணுக்கமில்லை என்றாலும், 'கல்லூரி, துறை, எத்தனையாவது வருடம், பாலினம்' என்று நான்கு கட்டம் போட்டால் அந்த வகுப்பில் இருக்கும் ஒரே பெண் யாரென்று தெரிந்துவிடும். யாரிடம் வாங்கினீர்கள் என்பதைக் கேட்கவே வேண்டாம். எழுதுகிற கட்டத்தின் மேலேயே 'பெயர், இடம் எதுவும் எழுதாதீர்கள்' என்று போடுங்கள். அப்படியும் எழுதுவார்கள், டேட்டா வந்ததும் முதல் வேலை அதைத் தேடி அழிப்பது.

அப்புறம் ஒப்புதல் பக்கம். கமிட்டி கொடுக்கும் மாதிரி நான்கு பக்கம் இருக்கும். அதைப் பின்னால் ஒரு லிங்க்கில் வைத்துவிட்டு, முன்னால் ஏழெட்டு வரி எழுதுங்கள். நாங்கள் யார், எதற்குக் கேட்கிறோம், எதைச் சேமிக்கவில்லை, 18 வயது ஆகியிருக்க வேண்டும், 'சமர்ப்பி' அழுத்திய பிறகு உங்கள் பதில் எதுவென்று எங்களுக்கே தெரியாது என்பதால் திரும்பப் பெற முடியாது. கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு குப்பி என்றால் எவ்வளவு

எங்கள் முதல் வரைவில் 'ஒரு தடவை உட்கார்ந்தால் எத்தனை குப்பி எடுப்பீர்கள்?' என்று ஒரு கேள்வி. எங்களுக்கு அது அழகான கேள்வி. குப்பி ஒன்றில் சுமார் 8 கிராம் வாயு. எண்ணை எட்டால் பெருக்கினால் அளவு வந்துவிடும்.

திறப்பதற்கு முன் ஆறேழு பேரை நேரில் உட்கார வைத்து, கேள்வியைப் படிக்கும்போது மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். இளைஞர் மையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் அழைத்து வந்த பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், அந்தக் கேள்வியில் '1' என்று போட்டான். குறைவாக எடுக்கிறவன் போல என்று நான் குறித்துக்கொண்டேன். அடுத்த கேள்விக்குப் போகும்போது தானாகச் சொன்னான்: "பெரியதுதானே கேட்கிறீர்கள்? இந்தச் சின்னதையெல்லாம் இப்போது யார் வாங்குகிறார்கள்?" கையை விரித்து அளவு காட்டினான். அது 600 கிராம் சிலிண்டர். கணக்குப் போட்டால் 75 சின்னக் குப்பி. எங்கள் அட்டவணையில் அவன் 8 கிராமாக உட்கார்ந்திருப்பான்.

அந்த ஒரு கேள்வி நான்காகப் பிரிந்தது. எதிலிருந்து எடுத்தீர்கள்? சின்னக் குப்பி, பெரிய சிலிண்டர் இரண்டின் படத்தையும் பக்கத்தில் ஒரு கோக் டின்னோடு வைத்தோம், அளவு தெரிவதற்காக. எத்தனை? எத்தனை பேர் பகிர்ந்துகொண்டீர்கள்? உங்கள் பங்குக்கு ஏறக்குறைய எத்தனை பலூன்? கிராம் கணக்கைப் பதில் சொல்பவர் தலையில் கட்டாமல் பிறகு நாங்கள் போட்டுக்கொண்டோம். எந்தப் போதைப்பொருளுக்கும் இப்படி ஒரு அளவுச் சிக்கல் இருக்கும். மாத்திரை என்றால் அரையா முழுசா, பொடி என்றால் கிராமா கோடா என்று. எடுக்கிறவர்கள் எதை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்களோ அதையே கேளுங்கள்.

'அடிக்கடி', 'எப்போதாவது' என்றெல்லாம் கட்டம் போடாதீர்கள். வாரம் மூன்று நாள் எடுப்பவர் தன் நண்பரைப் பார்த்துவிட்டு 'எப்போதாவது' என்று போடுவார். கடந்த 12 மாதத்தில் எடுத்தீர்களா, ஆம் என்றால் கடந்த 30 நாளில் எத்தனை நாள், கடைசியாக எடுத்தபோது எவ்வளவு என்று இறங்கி வாருங்கள். 'போதைப்பொருள் பயன்படுத்துபவரா நீங்கள்?' என்று ஆரம்பித்தால் ஆளே கிடைக்க மாட்டார். பலூன் எடுப்பவர் அதைப் போதைப்பொருள் என்றே நினைப்பதில்லை. பலூன் என்றே கேளுங்கள்.

அடிமைத்தனத்தை அளக்க வேண்டும் என்றால் நீங்களாகக் கேள்வி தயாரிக்காதீர்கள். ஐந்தே கேள்வி கொண்ட எஸ்.டி.எஸ். அளவுகோல் இருக்கிறது, 0 முதல் 15 வரை மதிப்பெண். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் போடுங்கள். மாற்றினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. பல பொருள்களைப் பட்டியலிட்டுக் கேட்கும்போது நடுவில் இல்லாத ஒன்றின் பெயரைச் செருகுவது பழைய தந்திரம். ஐரோப்பியப் பள்ளி மாணவர்களிடம் எடுக்கும் எஸ்பாட் சர்வேயில் 'ரெலெவின்' என்று ஒன்று வரும். உலகில் அப்படி ஒன்று கிடையாது. அதையும் எடுத்தேன் என்பவரின் மற்ற பதில்களைச் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

மரத்துப்போதல் பற்றிய கேள்விக்கு ஒரு விதி வைத்திருந்தோம். 'ஆம்' என்று ஒருவர் தொட்டதும், அடுத்த கேள்விக்கு முன்பே ஒரு சின்னப் பெட்டி வரும்: பலூனை நிறுத்துங்கள், டாக்டரைப் பாருங்கள், பலூன் எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள், உடனே யாரிடமாவது பேச 111 (இங்கே மருத்துவ ஆலோசனைக்கான தொலைபேசி எண்). பி12 மாத்திரை போட்டுக்கொண்டே தொடரலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது காப்பாற்றாது என்பதையும் அங்கேயே எழுதினோம். உதவி எண்களைக் கடைசிப் பக்கத்தில் போடுவது வழக்கம். ஆனால் பாதியில் போகிறவர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லையே.

நீளம், பத்து நிமிடத்துக்குள். அட்டவணை மாதிரி கட்டம் கட்டமான கேள்வி போனில் உடைந்துபோகும், தவிர்த்துவிடுங்கள்.

ஆள் பிடிப்பதும், ஆள் அல்லாதவர் வந்து சேர்வதும்

விளம்பரத்துக்குக் காசு ஒதுக்கியிருந்தோம். ஒரு பெரிய சமூக ஊடகத் தளம் எங்கள் விளம்பரத்தை இரண்டு தடவை நிராகரித்தது, போதைப்பொருளை ஊக்குவிக்கிறோமாம். மேல்முறையீட்டில் ஒரு வாரம் போனது. பிறகு காகிதத்துக்கே திரும்பினோம். மாணவர் சங்கக் கழிவறைக் கதவின் உள்பக்கம், ஜிம், சிக்கன் கடை என்று கியூஆர் போட்ட சின்னச் சுவரொட்டி. கழிவறைக் கதவு மாதிரி விளம்பர இடம் வேறு இல்லை. தனியாக இருக்கிறார், கையில் போன் இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வகை இடத்துக்கும் ஒரு தனி லிங்க் கொடுத்தால் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரியும். வகைக்கு ஒன்று போதும். கடைக்கு ஒன்று என்று போனால் மறுபடி ஆளை அடையாளம் காட்டும் வேலையாகிவிடும். சனிக்கிழமை நள்ளிரவில் ஆரம்பித்தவர்கள் பாதியில் விட்டார்கள், ஏன் என்று நீங்களே யூகிக்கலாம். ஞாயிறு மாலைதான் எங்களுக்கு நல்ல நேரம்.

பரிசு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். முடித்தவர்களுக்கெல்லாம் பத்து பவுண்டு வவுச்சர் என்று அறிவித்தோம். ஒரு செவ்வாய் இரவு யாரோ அந்த லிங்க்கை எங்கேயோ போட்டுவிட்டார்கள். காலையில் பார்த்தால் சில நூறு பதில்கள், குழுவே துள்ளியது. எனக்கு வயிறு கலங்கியது. எட்டு நிமிட சர்வேயை ஒன்றரை நிமிடத்தில் முடித்திருக்கிறார்கள், எழுதும் கட்டத்தில் 'மிகவும் நல்ல அனுபவம்' என்று ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப, மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரு பெயர், பின்னால் நான்கு எண். ஐபி பார்த்து வடிகட்டலாமே என்றார் ஒருவர். ஐபிதான் சேமிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்திருக்கிறோமே!

அதற்குப் பிறகு செய்தவை இவை. எல்லோருக்கும் வவுச்சர் என்பதை விட்டுச் சிறு குலுக்கல். மின்னஞ்சல் வாங்குவதற்கு முற்றிலும் வேறு படிவம், பதில்களோடு எந்த முடிச்சும் இல்லாமல். மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம். அதை நிரப்பினால் அது பாட், அதாவது தானாகப் படிவம் நிரப்பும் நிரல். ஆரம்பத்தில் இப்போதைய வயது, கடைசியில் முதன்முதலில் பலூன் எடுத்த வயது; இரண்டாவது பெரியதாக இருந்தால் தூக்கிவிடலாம். அப்புறம் ஒரு திறந்த கேள்வி: 'அந்த நேரத்தில் காதில் சத்தம் எப்படி இருந்தது?' எடுத்தவர்கள் 'வாவ் வாவ் வாவ்' என்றோ, ஹெலிகாப்டர் என்றோ ஏதாவது சொல்வார்கள். பாட் 'நன்றாக இருந்தது' என்று சொல்லும். இந்த ஒன்றை மட்டும் வைத்து யாரையும் நீக்கவில்லை, இரண்டு மூன்று அறிகுறி சேர்ந்தால்தான். எதை நீக்குவது என்ற விதியை டேட்டாவைத் திறப்பதற்கு முன் எழுதித் தேதி போட்டு வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு எழுதினால், பிடிக்காத பதிலெல்லாம் பாட்டாகத் தெரிய ஆரம்பிக்கும்.

எழுதும்போது

2004-இல் குந்தர் ஐசன்பாக் வெளியிட்ட 'செர்ரீஸ்' என்ற சரிபார்ப்புப் பட்டியல் இணைய சர்வேக்கென்றே இருக்கிறது. எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள், அதில் எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று அது கேட்கும் எண்களை முதல் நாளில் இருந்தே எடுத்து வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது, முக்கியமாக லாக்கை அணைத்துவிட்டால்! அதனால்தான் நாங்கள் தனியாக ஒரு வெறும் எண்ணியை மட்டும் ஓடவிட்டோம்.

பத்துக்குக் குறைவான எண்ணிக்கை உள்ள கட்டங்களை அட்டவணையில் காட்டாதீர்கள். எங்கே மேற்கோள் காட்டினாலும் ஒருவரின் வயதையும் வேலையையும் பேட்டையையும் சேர்த்துப் போடாதீர்கள். மூலக் கோப்பை எந்தத் தேதியில் அழிப்பேன் என்று கமிட்டிக்கு எழுதியிருப்பீர்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் போடுங்கள், கமிட்டி நினைவூட்டாது.

முடிவுகளை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், நாங்கள் முதலில் ஒட்டிய அதே கழிவறைக் கதவுகளில் ஒட்டினோம். இந்தத் தடவை கியூஆர் போடவில்லை.